காமா கேமரா வைத்திருக்கும் ஆலைக்கு ஏ.இ.ஆர்.பி. ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, சேலம், கரூர் பக்கத்தில் வால்வு, பம்ப் வார்ப்படம் செய்யும் ஃபவுண்டரிகளிலும் பிரஷர் வெசல் ஒர்க்‌ஷாப்புகளிலும் காமா ரேடியோகிராஃபிக்கென்று தனி அறை வைத்திருப்பவர்கள் பலர். கதிரியக்கப் பொருளின் (சோர்ஸ்) கதிரை உலோகத்தின் வழியே பாய்ச்சி, உள்ளே இருக்கும் குறையை ஃபிலிமில் படமெடுப்பதுதான் இது; அந்த சோர்ஸைக் கவசத்துக்குள் வைத்திருக்கும் பெட்டிதான் காமா கேமரா. முதலாளிகளும் ஆர்.எஸ்.ஓ.க்களும் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிகள்) ஆய்வுக்கு முன்னால் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பேப்பர் மில், சிமென்ட் ஆலையில் சோர்ஸ் வைத்து அளக்கும் கேஜ்களுக்கும் ஸ்கிராப் வாங்குபவர்களுக்கும் உரியது கடைசிப் பகுதியில் வருகிறது.

ஆய்வுக்கு வர்றது யாருங்க? முன்கூட்டியே சொல்லிட்டு வருவாங்களா?

வருவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி. 1983 நவம்பரில் தொடங்கியது. தலைமையகம் மும்பை அணுசக்தி நகரில், தென் மண்டல மையம் சென்னையில். 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள். தொழிற்சாலை ஆய்வாளரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வேறு. அவர்களிடம் வாங்கிய சான்றுகளை இங்கே காட்டி எதுவும் நடக்காது.

சில நேரம் கடிதம் வரும், சில நேரம் சொல்லாமல் வந்து நிற்பார்கள். அதனால் ‘ஆய்வுக்குத் தயாராவது’ என்று ஒரு வாரத்தை ஒதுக்கிவைப்பதில் பாதிப் பயன்தான்.

வந்தவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வாரியத்துக்கே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். இதில் கூச்சம் வேண்டாம். ரேடியோகிராஃபி சோர்ஸ் திருட்டுப் போகக் கூடாத பொருள். யார் என்று பார்க்காமல், சோர்ஸைப் பூட்டி வைக்கும் குழியான பிட்டைத் திறந்து காட்டினால் அதுவே ஒரு குறையாக எழுதப்படலாம்.

முதல்ல எதைத்தானுங்க பார்ப்பாங்க?

மூன்று கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒப்புதல்களுக்கான வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் சோர்ஸ், கேமரா பட்டியல் ஒன்று. உங்கள் இருப்புப் பதிவேடு இரண்டு. பிட்டுக்குள் உண்மையில் இருப்பது மூன்று. கேமராவின் சீரியல் எண், சோர்ஸின் சீரியல் எண், ஏற்றிய தேதி, அன்றைய கியூரி அளவு (சோர்ஸின் வீரியம்) ஆகிய நான்கும் மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலான குறைகள் இந்த இடத்திலேயே பிடிபடுகின்றன. சோர்ஸ் மாற்றியபோது பதிவேட்டைத் திருத்தியிருப்பார்கள், இ-லோராவைத் திருத்த மறந்திருப்பார்கள். அல்லது திருப்பி அனுப்பிய பழைய சோர்ஸ் கணினியில் இன்னும் உங்கள் பெயரிலேயே கிடக்கும்.

‘காலி கேமராதானே’ என்று மூலையில் போட்டதையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். பல கேமராக்களின் உள்கவசம் டிப்ளீட்டட் யுரேனியம், அதாவது பெரும்பாலும் யுரேனியம்-238 மட்டுமே இருப்பது. சோர்ஸ் இல்லாவிட்டாலும் அந்தக் கவசமே கதிரியக்கப் பொருள்தான். யுரேனியம்-238-இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டு என்பதால், தானாக வீரியம் தீர்ந்துவிடும் என்று காத்திருக்கவும் முடியாது. காலி கேமராவைப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டால் அது குற்றம்.

பிட் அறைக்குள்ள வேற சாமான் வைக்கலாங்களா?

கூடாது. பெயிண்ட், தின்னர், கேஸ் சிலிண்டர், ஆசிட் எதுவும் வேண்டாம். ஃபிலிம் வைத்தால் புகைபடிந்ததுபோல் கறுத்துவிடும், நஷ்டம் உங்களுக்குத்தான். பூட்டு இரண்டு, சாவிப் பதிவேடு ஒன்று. ஐப்பசி மழையில் பிட்டுக்குள் தண்ணீர் ஊறுகிறதா என்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள். ஊறும் பிட்டில் கேமராவின் பூட்டும் கனெக்டரும் துருப்பிடிக்கும்.

லாக் புக் எல்லாம் நெறப்பி வெச்சிருக்கறோம். போதாதுங்களா?

எப்போது நிரப்பினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தத்தில் மூன்று மாதப் பதிவு இருந்தால் அது ஒரே ராத்திரியில் எழுதியது என்று அனுபவமுள்ள ஆய்வாளருக்குப் பக்கத்தைப் புரட்டும்போதே தெரியும். அதற்கு மேல் அவர் குறுக்குக் கணக்கும் போடுவார். லாக் புக்கில் அன்றைக்கு மூன்று எக்ஸ்போஷர் (சோர்ஸை வெளியே எடுத்துப் படம்பிடித்தது), ஆனால் வாடிக்கையாளருக்குப் போன ரிப்போர்ட்டில் நாற்பது ஃபிலிம். லாக் புக்கில் கையெழுத்துப் போட்ட ரேடியோகிராஃபர், வருகைப் பதிவேட்டில் அன்று விடுப்பு. பண்ணாரி குண்டத்துக்கு ஆலையே மூடியிருந்த நாளில் இரண்டு மணி நேர எக்ஸ்போஷர். இப்படி ஒன்று மாட்டினால் மற்ற எல்லாப் பதிவேட்டின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

ஒவ்வொரு பதிவிலும் தேதி, கேமரா எண், அன்றைய கியூரி, வெளியே எடுத்த நேரம், உள்ளே திரும்பிய நேரம், கதிர் நோக்கிய திசை, ரேடியோகிராஃபர் பெயர், அவருடைய டி.எல்.டி. (உடலில் படும் கதிர் அளவைப் பதியும் பேட்ஜ்) எண், பாக்கெட் டோசிமீட்டரின் தொடக்க, இறுதி அளவு, சோர்ஸ் திரும்பிய பின் கதிரை அளக்கும் சர்வே மீட்டர் காட்டிய அளவு ஆகியவை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன அளவுதான் அதிகம் விடுபடுகிறது. சோர்ஸ் உள்ளே வந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது என்பதால் ஆய்வாளர் தேடுவதும் அதைத்தான்.

விட்டுப்போன பதிவை இட்டுக்கட்டி எழுதாதீர்கள். ‘இந்தத் தேதிகளுக்குப் பதிவு இல்லை’ என்று ஆர்.எஸ்.ஓ. கையெழுத்தோடு ஒரு வரி எழுதி, அன்று முதல் சரியாகத் தொடர்ந்தால் வருவது ஒரு குறைதான். இட்டுக்கட்டியது பிடிபட்டால் லைசென்ஸுக்கே ஆபத்து.

கியூரி அளவைத் தினமும் எப்படிங்க கணக்குப் போடறது?

இரிடியம்-192-இன் அரை ஆயுள் சுமார் 74 நாள். 40 கியூரியில் வந்த சோர்ஸ் 74-ஆம் நாள் 20 ஆகும், 148-ஆம் நாள் 10, 222-ஆம் நாள் 5. சோர்ஸோடு வரும் டிகே சார்ட்டை (வீரியம் நாளுக்கு நாள் குறைவதைக் காட்டும் அட்டவணை) அறைச் சுவரில் ஒட்டி, நாளுக்கு உரிய அளவை அதிலிருந்து எழுதினால் போதும். கோபால்ட்-60-க்கு 5.27 ஆண்டு, செலினியம்-75-க்கு 120 நாள். ஐந்து மாதத்துக்குப் பிறகும் லாக் புக்கில் ‘40’ என்றே இருந்தால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வீரியம் குறைந்த சோர்ஸை வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். உள்நாட்டில் வாங்கியதென்றால் பெரும்பாலும் நவி மும்பையில் உள்ள, அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனத்துக்கு. அதற்கும் இ-லோராவில் ஒப்புதல் வாங்க வேண்டும். பிட்டுக்குள் பழைய பிக்டெயில்கள் (சோர்ஸ் பொருத்திய குட்டைக் கேபிள்கள்) சேர்ந்துகொண்டே போவது பணத்தை மிச்சம் பிடிப்பதாகாது. ஆய்வில் அவை ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

ரூம் பிளான் அப்ரூவ் ஆயிருச்சு. சுவரைப் பத்தி இன்னும் என்னங்க கேள்வி?

பிளான் ஒப்புதல் என்பது ஒரு வேலைப்பளுவுக்கும் ஒரு சுற்றுச்சூழலுக்கும் கொடுத்தது. அந்த இரண்டும் மாறினால் அதே சுவர் போதாமல் போகும்.

உடலில் படும் கதிரை சீவர்ட்டில் அளப்பார்கள். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். ஐம்பது வாரத்துக்குப் பங்கிட்டால் வாரம் 20 மைக்ரோசீவர்ட். எக்ஸ்போஷர் நடக்கும்போது வெளிச்சுவரில் மணிக்கு 8 மைக்ரோசீவர்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சோர்ஸ் வெளியே இருந்தால் 16, வரம்புக்குள். பெரிய வால்வு ஆர்டர் வந்து வாரம் ஐந்து மணி நேரம் ஆனால் 40, வரம்பைப் போல இரண்டு மடங்கு. சுவரில் ஒரு செங்கல்கூட நகரவில்லை, ஆனாலும் மீறல். ஆர்டர் கூடும்போது மார்க்கெட்டிங் ஆள் இதை ஆர்.எஸ்.ஓ.விடம் சொல்வதே இல்லை. சொல்லியிருந்தால் சோர்ஸ் வெளியே இருக்கும் நேரத்துக்கு உச்சவரம்பு வைத்து ஷிஃப்டைப் பிரித்திருக்கலாம்.

இன்னொன்று, அக்கம்பக்கம். அப்ரூவல் வாங்கியபோது காலி இடமாக இருந்த பக்கத்தில் இப்போது வார்ப்படத்தைச் சீர்செய்யும் ஃபெட்லிங் ஷெட் போட்டிருப்பார்கள், அல்லது வடநாட்டுத் தொழிலாளிகள் தங்க லைன் வீடு கட்டியிருப்பார்கள். கூரை மெல்லியதாக இருக்கும் அறைக்கு மேலே வாட்டர் டேங்க் ஏணி வைத்திருப்பார்கள். ஏணி வைத்தால் ஆள் ஏறுவான். திறந்த கூரையென்றால் மேலே போன கதிர் காற்றில் சிதறிப் பக்கத்து மாடிக்கும் இறங்கும்.

ஆய்வுக்கு முன் ஒருநாள், இருப்பதிலேயே அதிக கியூரி சோர்ஸை வைத்து, கதிரை ஒவ்வொரு சுவர் பக்கமும் திருப்பி, வெளியே கதவு இடுக்கு, கேபிள் துளை, கிரேன் வாய், கூரை விளிம்பு எல்லாம் மீட்டரோடு சுற்றி வாருங்கள். வரைபடத்தில் எண்களைக் குறித்து, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். தேதி போட்ட அந்த ஒரு தாள் பத்து விளக்கத்துக்குச் சமம்.

சர்வே மீட்டர் வேலை செய்யுது. அதுல என்ன பார்ப்பாங்க?

காலிபிரேஷன் சான்றிதழின் செல்லுபடித் தேதி, சான்றிதழ் எண்ணும் மீட்டர் எண்ணும் ஒன்றுதானா, பேட்டரி, எத்தனை மீட்டர் கைவசம் என்பவற்றைப் பார்ப்பார்கள். இருக்கும் ஒரே மீட்டரைக் காலிபிரேஷனுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் குறைதான். லாக் புக்கிலேயே தேதி காட்டிக்கொடுத்துவிடும்.

ரேடியோகிராஃபருக்கு ஒரு சின்னப் பரிசோதனையும் இருக்கும். ‘மீட்டர் சரியாக இருக்கிறதென்று எப்படித் தெரியும்?’ என்று கேட்பார்கள். பூட்டிய கேமராவுக்கு அருகே கொண்டுபோய், தினமும் காட்டும் அளவைக் காட்டுகிறதா என்று பார்ப்போம் என்பது பதில். சில ஜி.எம். (கைகர்-முல்லர்) மீட்டர்கள் மிக அதிகக் கதிர்வீச்சில் திணறிப் பூஜ்யம் காட்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள். வெளியிலிருந்தே மீட்டரை ஆன் செய்து நடந்து வரச் சொல்வது அதனால்தான்.

டி.எல்.டி. பேட்ஜ் ஆளுக்கு ஒண்ணு இருக்குதுங்க.

எங்கே வைக்கிறார்கள்? பேட்ஜ்களோடு, யாரும் அணியாமல் ஒப்பீட்டுக்கென்றே வரும் கண்ட்ரோல் பேட்ஜைக் கதிரே இல்லாத அலுவலகத்தில், மற்ற பேட்ஜ்களையும் வேலை முடிந்தபின் அதே இடத்தில் வைக்க வேண்டும். கண்ட்ரோலை ரேடியோகிராஃபி அறைக்குள்ளே மாட்டினால், அது வாங்கிய அளவைக் கழித்து மற்றவர்களுக்கெல்லாம் பூஜ்யம் வரும். பார்க்க நன்றாயிருக்கும், பயன் ஒன்றுமில்லை. பேட்ஜ் மாட்டிய சட்டையை அறைக்குள் ஆணியில் தொங்கவிட்டுச் சாப்பிடப் போனால் மறுபடி தலைகீழ்: ஆளுக்குப் படாத அளவு பேட்ஜில் ஏறி, விசாரணைக் கடிதம் வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அனுப்புங்கள். ஒருவர் பேட்ஜை இன்னொருவர் போடவே கூடாது. ஊழியருக்கான வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு தனி ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. டோஸ் ரிப்போர்ட் வந்ததும் ஒவ்வொருவருக்கும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவப் பரிசோதனை வேலையில் சேரும்போது ஒன்று, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது. 18 வயது நிறையாதவரை இந்த வேலையில் வைக்கக் கூடாது.

கேமராவுல என்னங்க கெட்டுப்போகும்? இரும்புப் பெட்டிதானே?

ஃபவுண்டரியில் முதல் எதிரி மணல். மோல்டிங் மணலும் ஷாட் பிளாஸ்ட் தூசியும், சோர்ஸ் வெளியே ஓடும் கைடு ட்யூபுக்குள்ளும் அதைத் தள்ளி இழுக்கும் டிரைவ் கேபிளிலும் புகுந்துவிடும். கேபிளை ஓட்டும் கைப்பிடியான கிராங்க் கனக்கும், வேகமாகச் சுற்றுவார்கள், ஒருநாள் சோர்ஸ் பாதி வழியில் நின்றுவிடும். வேலை முடிந்ததும் கைடு ட்யூபின் இரண்டு முனைக்கும் மூடி போடுவது ஐந்து நொடி வேலை. மூடி தொலைந்த ட்யூபை ஆய்வாளர் கண்டிப்பாகத் தூக்கிப் பார்ப்பார்.

அடுத்தது கனெக்டர் தேய்மானம். டிரைவ் கேபிள் முனையையும் பிக்டெயில் முனையையும் கோ–நோகோ கேஜ் (தேய்மானம் வரம்பைத் தாண்டியதா என்று காட்டும் அளவி) வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த முனை சோர்ஸை வெளியே தள்ளும், திரும்ப இழுக்கும்போது கழன்று விட்டுவிடும். கிராங்க் லேசாகச் சுற்றி வரும், உள்ளே வந்துவிட்டது என்று நினைப்பார்கள். சோர்ஸ் இன்னும் வார்ப்படத்தின் பக்கத்திலேயே கிடக்கும். வார்ப்படம் பக்கத்தில் கிடக்கும் கைடு ட்யூபின் மேல் உருண்டு நசுக்குவதும் அடிக்கடி நடப்பது. ஒடுங்கிய ட்யூபைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள், வெட்டிப் போடுங்கள்.

யுரேனியக் கவசக் கேமராவில் சோர்ஸ் ஓடும் எஸ்-ட்யூப் தேய்ந்தால் யுரேனியத் துகள் வெளியே வரும். அதைத் துடைத்தெடுத்துப் பார்ப்பதுதான் வைப் டெஸ்ட். சோர்ஸ் கசிவுக்கான வரம்பு 200 பெக்கரல். சான்றிதழைக் கோப்பில் முன்னாலேயே வையுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சாவித் துளையிலும் பெயர்ப் பலகையிலும் மட்டும் வைக்காதீர்கள். கதிர்வீச்சு எச்சரிக்கையான மூவிலைக் குறியும் சீரியல் எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும். அறைக்கு வெளியே எச்சரிக்கைப் பலகை தமிழில் மட்டும் இருந்தாலும் போதாது. இன்றைக்கு ஷெட்டில் வேலை செய்பவர்களில் பலர் இந்தி, ஒடியா பேசுபவர்கள்.

ஆர்.எஸ்.ஓ. வேலைய விட்டுட்டுப் போயிட்டாருங்க. ஆய்வு வரைக்கும் சமாளிக்கலாமா?

முடியாது. அவர் அங்கீகாரம் உங்கள் நிறுவனத்தோடு சேர்ந்தது. போனவுடன் வாரியத்துக்குத் தெரிவித்து, புதியவருக்கு இ-லோராவில் ஒப்புதல் வரும்வரை சோர்ஸைப் பூட்டி வையுங்கள். வேறு ஊரில் இருந்துகொண்டு பெயரை மட்டும் கொடுக்கும் ஆர்.எஸ்.ஓ. முதல் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடுவார்: பிட் சாவி எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

ரேடியோகிராஃபர்கிட்ட என்ன கேப்பாங்க?

பெரும்பாலும் ஒரே கேள்வி: ‘சோர்ஸ் மாட்டிக்கொண்டது. என்ன செய்வாய்?’

20 கியூரி இரிடியம் கவசமில்லாமல் வெளியே கிடந்தால் ஒரு மீட்டரில் மணிக்குச் சுமார் 90 மில்லிசீவர்ட். பத்து மீட்டரில் அது 0.9. மணிக்கு 10 மைக்ரோசீவர்ட்டாகக் குறைய வேண்டுமானால் 95 மீட்டர் தள்ளிப்போக வேண்டும். அதையே கையில் எடுத்தால் ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் நொடிக்குக் கால் சீவர்ட். பத்து நொடியில் விரல் கெட்டுப்போகத் தொடங்கும் அளவு அது.

ஆகவே சரியான பதில்: அறைக்குள் போக மாட்டேன், கிராங்கை ஒருமுறை மெதுவாக முன்னும் பின்னும் சுற்றிப் பார்ப்பேன், வரவில்லையென்றால் எல்லாரையும் வெளியேற்றிக் கயிறு கட்டி, மீட்டரால் எல்லையைச் சரிபார்த்து, இடத்தை விட்டு நகராமல் ஆர்.எஸ்.ஓ.வுக்குப் போன் செய்வேன். மீட்பு வேலை ஆர்.எஸ்.ஓ. திட்டமிட்டு, தேவையானால் சப்ளையரை வரவழைத்துச் செய்வது. விபத்தோ சோர்ஸ் காணாமல் போனதோ 24 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தெரிய வேண்டும். நீளமான டாங்ஸ், ஈயக் கலம், ஈயக் குண்டுப் பைகள், கட்டர், கயிறு, டார்ச் ஆகிய அவசரச் சாமான்களை எடுத்து வரச் சொல்வார்கள். டாங்ஸ் பிடி துருவேறி விரியாமல் இருந்தால் அங்கேயே அவமானம்.

எங்களுக்குச் சொந்தக் கேமரா இல்லீங்க, ஏஜென்சிதான் ராத்திரி கேமராவோட வந்து படம் எடுத்துட்டுப் போகுது.

லைசென்ஸ் பொறுப்பு ஏஜென்சியுடையது. ஆனால் இடம் உங்களுடையது. கேமராவின் இடமாற்றத்துக்கு இ-லோராவில் ஒப்புதல் இருக்கிறதா, ரேடியோகிராஃபர் சான்றிதழ் பெற்றவரா என்று கேட்டு நகல் வாங்குங்கள். கயிறு கட்டிய எல்லைக்குள் உங்கள் நைட் ஷிஃப்ட் ஆள் நுழையாமல் காவல் போடுவது உங்கள் வேலை. கேமராவை பைக்கிலோ பஸ்ஸிலோ கொண்டு வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புங்கள். வண்டியில் லேபிளும் சரியாக இருக்க வேண்டும். ஒரு மீட்டரில் மணிக்கு 0.008 மில்லிசீவர்ட் என்றால் டிரான்ஸ்போர்ட் இண்டெக்ஸ் (எடுத்துச் செல்லும் பெட்டியின் கதிர் அளவைக் குறிக்கும் எண்) 0.8. மேற்பரப்பில் மணிக்கு 0.5 மில்லிசீவர்ட்டுக்குள் இருந்தால் இரண்டாம் வகை மஞ்சள் லேபிள், தாண்டினால் மூன்றாம் வகை.

மில்லுல லெவல் கேஜ், பேப்பர் திக்னஸ் கேஜ் இருக்குது. அதுக்கும் இதேதானுங்களா?

அடிப்படை அதுதான், ஆபத்து வேறு. கேஜ் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இருப்பதால் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள். சிமென்ட் தூசி படிந்து லேபிள் தெரியாது, ஷட்டர் இறுகி மூடாது. வருடாந்திர ஷட்டவுனில் ஹாப்பருக்குள் வெல்டர் இறங்கும்போது ஷட்டர் மூடிப் பூட்டியிருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துப் பெர்மிட்டில் எழுதுங்கள். ஈயக் கவசம் 327 டிகிரியில் உருகும் என்பதால் கேஜுக்குப் பக்கத்தில் கட்டிங் டார்ச் வேண்டாம். பழைய லைனைப் பிரித்து விற்கும்போது கேஜும் சேர்ந்து போய்விடுவதுதான் பெரிய பயம். சீசியம்-137-இன் அரை ஆயுள் 30 ஆண்டு. மில் கைமாறி, வேலை செய்தவர்கள் ஓய்வு பெற்ற பிறகும் அது கதிரை விட்டுக்கொண்டிருக்கும்.

சோர்ஸே இல்லாத ஃபவுண்டரிக்கு இதுல என்ன இருக்குது?

ஸ்கிராப். 2010-இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழக ஏலத்தில் போன கோபால்ட்-60 கருவியைப் பிரித்ததில் ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். 2008-இல் இந்திய எஃகில் செய்த லிஃப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 இருந்தது பிரான்சில் தெரியவந்தது. ஏற்றுமதி செய்யும் ஃபவுண்டரி கேட்டில் ஒரு மீட்டர் வைத்திருப்பது நல்லது. லோடுக்கு மீட்டர் அதிகம் காட்டினால் இறக்காதீர்கள், திருப்பியும் அனுப்பாதீர்கள். லாரியை ஒதுக்கி நிறுத்தி, சுற்றிக் கயிறு கட்டி, ஏ.இ.ஆர்.பி.க்குத் தகவல் கொடுங்கள். திருப்பி அனுப்பினால் அடுத்த ஃபவுண்டரியில் மீட்டர் இருக்காது.

குறை எழுதிட்டுப் போயிட்டாங்க. இப்ப என்னங்க பண்றது?

போவதற்கு முன் நடக்கும் பேச்சில் முதலாளியோ மேலாளரோ கட்டாயம் உட்கார வேண்டும். ஆர்.எஸ்.ஓ.வைத் தனியாக விட்டால் பணம் தேவைப்படும் திருத்தம் எதற்கும் அங்கே உறுதி சொல்ல ஆள் இருக்காது. அறிக்கை வந்ததும் குறைக்கு ஒரு தாள் என்று வைத்து, என்ன செய்தோம், எந்தத் தேதியில், ஆதாரம் என்ன என்று எழுதுங்கள். ‘இனி கவனமாக இருப்போம்’ என்பது பதிலாகாது. பூட்டு மாற்றிய போட்டோ, புதிய காலிபிரேஷன் சான்றிதழ், சுவருக்கு வெளியே மறுபடி அளந்த எண்கள் இவைதான் பதில். முடியாத தேதியைக் கொடுக்காதீர்கள். சுவரைத் தடிப்பாக்க மூன்று மாதம் ஆகும் என்றால் அதைச் சொல்லி, அதுவரை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மட்டும் சோர்ஸ் வெளியே இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த மணிக்கணக்கை லாக் புக்கில் காட்டத் தயாராகவும் இருங்கள்.